சமைக்காத மூன்று நாள்

தாம்பரத்திலிருந்து கடல் ஒன்றும் தூரமில்லை. காக்கை பறக்கிற கணக்கில் பதினைந்து கிலோமீட்டர்தான். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி அக்கரைக்குப் போனால் அலைச் சத்தம் கேட்டுவிடும். ஆனால் எங்கள் சேலையூர் பக்கத்துப் பெண்களிடம், "கடைசியா எப்போ கடற்கரைல சும்மா உட்கார்ந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். காணும் பொங்கலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனது, ஊரிலிருந்து வந்த நாத்தனார் குழந்தைகளைக் கூட்டிப் போனது என்றுதான் பதில் வரும். அங்கேயும் நமக்குச் சாப்பாட்டு மூட்டையைக் காவல் காக்கும் வேலைதானே!

அதனால்தான் எங்கள் முப்பத்தோராவது கல்யாண நாளுக்குப் பெங்களூரில் இருக்கும் மகள், "அம்மா, நீயும் அப்பாவும் மட்டும் ஒரு பீச் ரிசார்ட்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வாங்க. பணம் நான் கட்டறேன்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் ரிசார்ட்டா?

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. என்னவர் மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. "வீட்லயே ஃபேன் போட்டுப் படுத்தா அதுவே ரிசார்ட்தான்" என்றார். ஃபேனுக்கு அடியில் படுப்பவர் அவர். அடுப்புக்கு எதிரில் நிற்பவள் நான். நாத்தனார், "அம்மாவை யார் பார்த்துக்கறது?" என்று நியாயமாகத்தான் கேட்டார். மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார்.

முடிவு சொன்னது அந்த மாமியார்தான். "போயிட்டு வா கண்ணு. நான் வாக்கப்பட்டு வந்து அறுபது வருஷம் ஆச்சு. கடலைக் கிட்டக்கப் போய்ப் பார்த்ததே இல்லை. உன் மாமனார் அஸ்தியைக் கரைக்கப் போனப்போ, பொம்பளைங்க காரிலேயே இருங்கன்னுட்டாங்க. தூரத்துல நீலமா ஒரு கோடு தெரிஞ்சுது, அவ்வளவுதான். நீயாவது போய்ப் பாரு."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நாத்தனாரே சிட்லபாக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து மூன்று நாள் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இனி, போக நினைக்கும் தோழிகளுக்காகச் சில விவரங்கள். பணம் மகளுடையது என்றாலும் கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

"எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்" என்கிற ஏற்பாடு வெளிநாட்டில் பிறந்தது. 1950-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில், ஜெரார்ட் பிளிட்ஸ் என்பவர் ராணுவம் கழித்துவிட்ட கூடாரங்களை அடித்து 'கிளப் மெட்' என்ற பெயரில் தொடங்கினார். தங்குவது, சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரே பணம். அங்கேயும் மதுபானத்துக்குத் தனிக் கணக்குதான்! காசுக்குப் பதிலாகக் கழுத்தில் போட்டிருக்கும் மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் அங்கே வந்தது. ஆக, 'எல்லாம் சேர்த்து' என்பதில் எது சேராது என்று கேட்டுக்கொள்வது அன்றைக்கே தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் ரிசார்ட்டுக்குப் போன் செய்தால் எழுத்துகளாகப் பேசுவார்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்றால் காலை டிபனோடு மதியமோ இரவோ ஒரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். தண்ணீர் பாட்டில், ஜூஸ், மாலை டீ, பஜ்ஜி இதெல்லாம் ஏ.பி.யில் சேரலாம், சேராமலும் போகலாம். ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். அதுவே 7,600 ரூபாய் அறை என்றால் 8,968 ரூபாய். நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் கூடுதல். ஒரு மாதப் பால் கணக்கில் பாதி! சனி, ஞாயிறைத் தவிர்த்தால் வாடகையும் குறைவு. நாங்கள் பொங்கல் கழித்து, செவ்வாய்க்கிழமை போய் வியாழக்கிழமை திரும்பினோம். பெரும்பாலான இடங்களில் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும், காலை பதினொன்றுக்கே காலி செய்யச் சொல்வார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் ஓர் இடம். பெயர் எதற்கு? இன்று அந்தச் சாலை முழுக்க ரிசார்ட்டுகள்தான். 1974-ல் கோவளத்தில் தாஜ் குழுமம் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' தொடங்கியபோது சுற்றிலும் சவுக்குத் தோப்பும் மீனவர் குப்பமுமாக இருந்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே கோவளத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்தார். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பேச்சு நடத்தியதும் இதே கடற்கரையில்தான். சண்டைக்கு வந்தவர்களும் சமாதானம் பேச வந்தவர்களும் கடலைப் பார்த்துவிட்டார்கள். தாம்பரத்து இல்லத்தரசிக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை!

முதல் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். அறைக்குள் போனதும் கட்டில் விரிப்பைச் சரி செய்தேன். குளித்த துண்டை அலசிப் பிழிந்து காயப் போட்டேன். மாலை நாலு மணி ஆனதும் கை தானாகப் பால் பாத்திரத்தைத் தேடியது. நாத்தனாருக்கு மூன்று தரம் போன் செய்தேன். நாலாவது தரம் மாமியாரே வாங்கி, "நான் நல்லாத்தான் இருக்கேன், போனை வை" என்று அதட்டினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள், முப்பத்தோரு வருடம். பெருக்கிப் பார்த்தேன். 33,945 வேளை. பிரசவம், காய்ச்சல், ஊருக்குப் போன நாட்களைக் கழித்தாலும் முப்பதாயிரத்துக்குக் குறையாது. அத்தனை வேளை ஓடிய கால், நில் என்றால் உடனே நிற்குமா?

மறுநாள் காலை டிபன். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் பையன் வந்து, "அம்மாவுக்கு டீயா, காபியா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் என்னவர், "ரெண்டும் காபி" என்றார்.

"எனக்கு டீப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்போலேர்ந்து டீ குடிக்கறே?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

எங்கள் அம்மா வீட்டில் டீதான். இங்கே வந்தபோது மாமனார், மாமியார், இவர் எல்லோருக்கும் பில்டர் காபி. ஒருத்திக்காகத் தனியாக டீ போடுவானேன் என்று நானும் காபிக்கு மாறினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். இவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேற என்னல்லாம் உனக்குப் பிடிக்கும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, தோழிகளே. அவருக்கு முருங்கைக்காய் சாம்பார், மகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல், மாமியாருக்குக் குழைந்த ரசம் சாதம். எனக்கு? மீந்ததுதான் எனக்குப் பிடித்தது என்று ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது.

அன்று மாலை மணலில் உட்கார்ந்து பேசினோம். கொஞ்சம் சண்டையும் போட்டோம்.

"வீட்டு நிர்வாகத்துல நான் தலையிட்டதே இல்லையே. முழு சுதந்திரம் உனக்குத்தானே?" என்றார்.

"அதுதாங்க கஷ்டமே. நீங்க தலையே இடலை. உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசுல ரிடயர்மெண்ட் குடுத்தாங்க. மாலை போட்டு, பேசி, வாட்ச் குடுத்து அனுப்பினாங்க. மறுநாள்லேர்ந்து எனக்கு வேலை ஜாஸ்தி ஆச்சு. முன்னே காலைல டப்பா கட்டிக் குடுத்தா சாயங்காலம் வரைக்கும் மூச்சு விடலாம். இப்போ பதினொரு மணிக்கு ஒரு காபி, மூணு மணிக்கு ஒரு காபி, நடுவுல 'கொறிக்க ஏதாவது இருக்கா'. எனக்கு எப்போங்க ரிடயர்மெண்ட்?"

இதைச் சொன்னபோது எனக்கே குரல் உடைந்துவிட்டது. வீட்டில் இதைச் சொல்ல ஒரு வருடமாக முயற்சி செய்திருக்கிறேன். குக்கர் விசில் அடிக்கும், மாமியார் கூப்பிடுவார், கேஸ்காரர் வருவார். இங்கே அலையைத் தவிர குறுக்கே பேச யாருமில்லை. அவரும் எழுந்து போக ஹாலும் இல்லை, டிவியும் இல்லை.

அவர் பதில் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து, "ஆபீஸ் போகாம எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலைம்மா. அதான் காபி காபின்னு உன்னையே சுத்தி வர்றேன் போல" என்றார். ஒன்றரை வருடமாக அவருக்குள்ளும் இப்படி ஒன்று இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். திருப்போரூர் பக்கத்துக் கிராமம். காலை ஐந்து மணிக்கு எழுந்து வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, வேலைக்கு வந்து பன்னிரண்டு அறைக்குப் படுக்கை விரிக்கிறாள். "இங்க எல்லாருக்கும் லீவு அக்கா, எங்களுக்கு மட்டும் டூட்டி" என்று சிரித்தாள். நாம் ஓய்வெடுக்கும் இடத்தில் இன்னொரு பெண்ணின் முதுகு வளைகிறது. அது தெரிந்த பிறகு ஈரத் துண்டைத் தரையில் போட எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது பில் வந்தது. இரண்டு லைம் சோடா, மாலை டீ, நாலு தண்ணீர் பாட்டில், போதாததற்கு 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை. டீயும் தண்ணீரும் கட்டணத்தில் சேர்ந்தது என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப்பைக் காட்டினேன். உடனே அடித்துவிட்டார்கள். லைம் சோடா நாங்கள் கேட்டுக் குடித்தது, அதற்குப் பணம் கொடுத்தோம். சர்வீஸ் சார்ஜ் விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹோட்டல்கள் அதை பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். நான் மரியாதையாகச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையை அந்தப் பெண்ணிடமும் டீ கொடுத்த பையனிடமும் நேராகக் கையில் கொடுத்தேன். என்னவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நீ எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்ல இருந்திருக்கணும்" என்றார். முப்பத்தோரு வருடத்தில் கிடைத்த முதல் சர்ட்டிபிகேட்!

கடலில் கால் நனைக்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. நம் வங்கக் கடல் பார்க்கத்தான் சாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கமும் இந்தச் சாலை நெடுகிலும் அலை உள்ளே இழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றுக் காலத்தில் இறங்கவே வேண்டாம். சிவப்புக் கொடி நட்டிருந்தால் மீறாதீர்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் நனைந்த புடவையே காலைக் கட்டும். யாராவது இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரையேற வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "உனக்கு மகள் பணம் கட்டினாள், எங்களுக்கு யார் கட்டுவார்?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். ரிசார்ட் வேலி போட்டிருந்தாலும் அலை வந்து போகும் மணலுக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. தாம்பரத்திலிருந்து 515-ம் நம்பர் பஸ் வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகிறது. சாதாரணக் கட்டண பஸ் கிடைத்தால் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நாற்பது ரூபாய். வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. உடை மாற்ற இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. நம் பெண்களுக்கு அதுதானே முதல் கவலை! ஒரே ஒரு நிபந்தனை. கட்டுச்சோறு கட்டாதீர்கள். கட்டினாலும் கணவரையோ பிள்ளையையோ கட்டச் சொல்லுங்கள். நாம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சிக்கொண்டு போனால் அது ஓய்வாகாது, சமையலறை இடம் மாறியதாகத்தான் ஆகும்.

வீடு திரும்பியதும் எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். காலை முதல் காபியும் என் டீயும் இப்போது அவர் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிடுகிறார், ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு பாழாகிறது. பதினொரு மணிக் காபி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் தெருமுனை நூலகத்துக்குப் போய்வருகிறார். ஞாயிறு இரவு அடுப்பு பற்ற வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மாமியார்தான் அதற்கு முதல் ஓட்டுப் போட்டார்.

மாசி மாதத்தில் ஒரு வெயில் தணிந்த மாலை, வண்டி பிடித்து அவரை மெரினாவுக்கு அழைத்துப் போனோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது. சக்கர நாற்காலியைத் தண்ணீருக்குக் கிட்டத்தில் வரை தள்ளிப் போகலாம். என்னவர்தான் தள்ளினார். பாதை முடியும் இடத்தில் நிறுத்தியதும் மாமியார் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் ஓடிப்போய் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துவந்து அவர் காலில் ஊற்றினார். "இவ்வளவு சத்தம் போடுமா இது! தூரத்துல பார்த்தப்போ ஊமையாட்டம் இருந்துதே" என்று சிறுமி மாதிரிச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்பத்திரண்டு வயசு ஆகணும்னு நீ காத்திருக்கலை பாரு, அது போதும் கண்ணு" என்றார்.

ஓய்வு என்பது வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைப்பது என்று நமக்குச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். வீட்டு வேலை எப்போது முடிந்திருக்கிறது? அது பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டு ராத்திரி முடியாவிட்டால் ஒரு பகல், பகல் முடியாவிட்டால் ஒரு மாலை. உங்களுக்கு டீ பிடிக்குமா, காபி பிடிக்குமா என்று உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? இன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்களேன். வந்த பதிலை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நானும் படிக்கக் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, சேலையூர்.